மீனுக்கும் நத்தாரோ?

"ஆருக்கடி உந்தக் குப்பை மரமெல்லாம்?"

"மீனுக்கு அண்ணை."

"ஏன், மீனுக்கும் நத்தாரோ?"

ஜனவரியில் வெக்ஸ்போர்ட் வீட்டு வாசலில் அண்ணன் அன்புராசா கேட்டதும், கேட்டுவிட்டுத் தானே சிரித்ததும் ஜூலையிலும் வேரோனிக்காவின் காதில் நின்றன. நத்தார் முடிந்து தெருவோரம் எறியப்பட்ட கிறிஸ்மஸ் மரங்களை, குப்பை லொறி வருமுன் நண்பர் மரியோவின் வான் வண்டியில் ஏற்றிவந்து அண்ணன் வீட்டுப் பின்வளவில் அடுக்கியிருந்தாள். கோயிலில் அறிவித்துக் கேட்டபோது பாதிப்பேர் பிளாஸ்டிக் மரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஒரு ஊசியிலையும் கொட்டாது, மீனுக்கு நல்லம்தானே?" என்றாராம் ஒருவர்.

மீன்குஞ்சுகள் வளர்ந்து கோடை வரும்வரை, மரங்களைப் போடவேண்டிய ஓடைக்குள் இறங்க அனுமதியில்லை. அதனால் ஆறு மாதம் மரங்கள் காத்திருந்தன. ஆறு மாதமும் அன்புராசா எறியச் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக அண்ணன் வீட்டில் இருந்து அவர் சொல்லைத் தட்டாதவள், இந்த ஒன்றில் மட்டும் மசியவில்லை.

மரங்களைவிடப் பழைய காத்திருப்பு ஒன்றும் அவளிடம் இருந்தது. டோர்செட் பார்க் பகுதியில் தனியாக இருக்கும் மரியோ, மனைவியை இழந்தவர், பள்ளி பஸ் ஓட்டுகிறவர். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் ஓடை திருத்தும் வேலையில் அவரோடு சேற்றில் நிற்கிறாள். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். தான் வளர்த்த அண்ணன் மகள் அனோஜாவின் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பிறகு அவளுடைய கலியாணம் முடியட்டும் என்றாள். இப்போது அனோஜாவுக்கு மூன்றாம் மாதம்.

இன்று அஜக்ஸ் நகருக்கு வடக்கே உள்ள அந்த ஓடையில் தொண்டர்கள் பதினைந்து பேர் இடுப்பளவு ரப்பர் காற்சட்டையோடு நின்றார்கள். பழைய அணை உடைந்தபின் ஓடை அகன்று, சூடேறி, சேறு படிந்து கிடந்தது. கரையோரம் மரங்களைப் படுக்கவைத்துக் கட்டினால் சேற்றை அவை பிடித்துக்கொள்ளும். ஓடை ஒடுங்கி வேகமாகக் குளிர்ந்து ஓடும். அடியில் சரளைக்கல் தெரியும். காட்டு ட்ரவுட் மீன் அங்கேதான் முட்டையிடும்.

வேரோனிக்கா மரத்தை நீரோட்டத்துக்கு எதிராக அழுத்திப் பிடித்திருக்க, மரியோ முளை அடித்துக்கொண்டிருந்தார். கரையில் வெள்ளைச் சப்பாத்தோடு அன்புராசா வந்து நின்றார்.

"வேரோனிக்கா! ஏறி வா. அஜக்ஸில நாங்கள் வாங்கப்போற வீட்டைக் காட்ட ஏஜென்ட் மூண்டு மணிக்கு வருவார். உனக்கெண்டு கீழ வடிவான பேஸ்மென்ட் அறை கிடக்கு."

"நான் வரேல்லை அண்ணை."

"என்ன? அங்க வந்து இருந்தால்தானே அனோஜான்ர பிள்ளையைப் பாக்கலாம்?"

"அனோஜாவை நான் பாத்து வளத்தன். அவளின்ர பிள்ளையை அவள் பாப்பாள். நீங்களும் பாருங்கோ."

பக்கத்தில் கயிறு முடிந்துகொண்டிருந்த ஜெயமலர் அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"நாப்பத்தாறு வயசில உனக்கென்ன ஆட்டம்? சனம் கதைக்குது, தெரியுமோ?"

"கதைக்கிற சனத்தைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இன்னும் இருபது மரம் கிடக்கு."

"உந்த மரத்தை விட்டிட்டு மேல ஏறு எண்டு சொல்லுறன்!"

"விட்டால் தண்ணி கொண்டுபோயிடும்."

"போகட்டும்!"

அழுத்திப் பிடித்ததில் அவளுடைய கைகள் உளைந்தன. மரம் கீழ்நோக்கி இழுத்தது. அவள் முழங்காலை ஊன்றி நெஞ்சால் அதை அமுக்கினாள். காய்ந்த ஊசியிலைகள் கழுத்தில் குத்தின.

"ஆறு மாசம் வைச்சிருந்த மரம் அண்ணை," என்றாள். "இனி ஒண்டையும் விடமாட்டன்."

"அப்ப எங்க இருக்கப்போறாய்? மீனோடயோ?"

மரியோவின் சம்மட்டி அந்தரத்தில் நின்றது. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை; அவளைத்தான் பார்த்தார். வேரோனிக்கா மரத்தில் பிடித்த பிடியைத் தளர்த்தாமல், கரைக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"மரியோ, என்னைக் கலியாணம் கட்டுவியளோ?"