மூன்றாவது மங்கல்

1

இந்தக் கதை பிறந்தது வாய்க்கொழுப்பில். கதைக்காரனின் வாய்க்கொழுப்பு. (முதலில் "நான்" என்றுதான் எழுதத் தொடங்கினான். "நான்" என்று ஆரம்பித்த வாக்கியங்களெல்லாம் இரண்டாவது வரியிலேயே தன் பக்கம் நியாயம் பேசத் தொடங்கிவிட்டன. "அவன்" என்று எழுதினால் திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது.)

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். மனைவி கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கதைக்காரன் புதிதாக எழுதிய கதை ஒன்றை அவளுக்கு வாசித்துக் காட்டினான். அவன் கதைகளுக்கு முதல் வாசகி அவள். சில கதைகளுக்குக் கடைசி வாசகியும் அவளேதான். பாதிக் கதையில் அவள் கை நின்றுபோனது. தலையணை உறை ஒன்று அரை மடிப்போடு மடியில் கிடந்தது. கதை அவளை உலுக்கிவிட்டது என்று பூரித்துப்போன கதைக்காரன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினான்.

"நிறுத்துங்க," என்றாள்.

அவள் வருடக்கணக்கில் பொத்திப் பொத்திக் காத்த ஒன்றை, அந்த ஒரே பத்தியில் அவன் கெடுத்திருந்தான்.

2

எதைக் கெடுத்தான் என்பதைச் சொல்ல, முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம் இது:

"எல்லையற்ற பிரபஞ்சத்தின் கருந்திரையில், சின்னஞ்சிறு ஒளிப்புள்ளி ஒன்று —"

(இதற்கு மேல் வண்டி நகரவில்லை. மனைவி வேலை பார்க்கும் அறையில் கருந்திரை எதுவும் கிடையாது. ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு வாளி இருக்கிறது.)

சரி, நேராகவே சொல்லிவிடலாம். தொலைநோக்கிகள் அளந்து அனுப்பும் நட்சத்திர வெளிச்சத்தைக் கணினியில் ஆராய்வது அவள் வேலை. ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் நமக்கும் அதற்கும் குறுக்கே வந்தால் வெளிச்சம் இம்மியளவு குறையும். கோள் விலகியதும் பழையபடி ஆகிவிடும். குழுவில் அதை மங்கல் என்பார்கள். சீரான இடைவெளியில் மங்கல் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஒரு கோள் இருக்கலாம். பூமியளவு சின்னக் கோள் என்றால் மங்கலும் அற்பம். வெளிச்சம்தான் குறைந்ததா, கருவிக்குத்தான் கண் கூசியதா என்பதில்தான் சண்டையே.

அவள் ஒரு நட்சத்திரத்தில் மூன்று மங்கல்களைக் கண்டுபிடித்திருந்தாள். மூன்றாவது மட்டும் கொஞ்சம் ஆழம் குறைவு; வெளிச்சம் மற்ற இரண்டின் அளவுக்கு இறங்கவில்லை.

இங்கேதான் அந்தக் குழுவின் விசித்திரமான வழக்கம் வருகிறது. ஆசைப்பட்டுத் தேடுகிறவன் கண்ணுக்கு ஆசைப்பட்டதுதான் தெரியும். அதனால் குழுவில் ஒருவரைப் பொய் சொல்வதற்கென்றே நியமித்திருக்கிறார்கள். அவர் சில நட்சத்திரங்களின் அளவுகளில் போலி மங்கல்களைக் கலந்துவிடுவார். எதில் கலந்தார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். குழு வாதாடி முடித்து, "இது கோள்தான்" அல்லது "இல்லை" என்று தீர்ப்பு எழுதிய பிறகே அவர் வாயைத் திறக்கலாம்.* அவரைப் பொய்யர் என்றே கூப்பிடுகிறார்கள். வேலைக்கு வெளியே, கிளம்பாமலே "வந்துட்டே இருக்கேன்" என்று போனில் சொல்லக்கூடக் கூச்சப்படுகிற மனிதர்.

(* இது கதைக்காரனின் கற்பனை வறட்சியைப் போக்க எழுந்த வழக்கம் அல்ல. விண்வெளியின் நுண்ணிய அதிர்வுகளைப் பிடிக்கும் கருவிகளிலும் இப்படி ரகசியமாகப் போலி அதிர்வைப் புகுத்தி ஆராய்ச்சியாளர்களைச் சோதித்தது உண்டு. கதை எழுதுகிறவர்களுக்குத்தான் அப்படி ஒரு சோதனையும் இல்லை.)

3

பொய்யர் ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மனைவி மாடியில் போன் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பொய்யை எப்படித் தயாரிப்பீர்கள் என்று கதைக்காரன் அவரைக் கேட்டான். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அந்தப் பேச்சின் சூட்டில் எழுதியதுதான் அவளுக்கு வாசித்துக் காட்டிய கதை. அதில் வரும் பொய்யர், போலியை வைக்கும்போது மூன்றாவது மங்கலை மட்டும் ஆழம் குறைத்து வைப்பார். சுத்தமான பொய்யை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

தலையணை உறை எதற்கு அரை மடிப்பில் நின்றது என்று இப்போது புரிந்திருக்கும்.

"இத அவர் சொன்னாரா, நீங்களா எழுதினீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

கதைக்காரன் வாயைத் திறந்தான். திறந்த பிறகுதான் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை என்று.

"அவர்தான் சொன்னார். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, லேசாகச் சிரித்து —"

இல்லை. டம்ளர் அவன் பின்னால் சேர்த்தது. டம்ளரைச் சேர்த்தவன் மங்கலைச் சேர்த்திருக்க மாட்டானா?

"ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது," என்றான்.

"ஆமான்னாலும் எனக்குத் துப்பு, இல்லன்னாலும் துப்பு. அவர் வாயே திறக்கக் கூடாது."

"அப்ப கேக்காத மாதிரி மறந்துடு."

"எப்படின்னு சொல்லிக் குடுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருதே."

4

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் குழுவைக் கூட்டி, தன் காதில் விழக் கூடாதது விழுந்துவிட்டது என்று தானே சொன்னாள். அது உண்மையா, புருஷன் கட்டிய கதையா என்று தெரியாது. தெரியாவிட்டாலும் மனசுக்குள் போய்விட்டது. இனி அந்த மூன்றாவது மங்கலை நேராகப் பார்க்க முடியாது. ஆகவே தன் நட்சத்திரத்தின் தீர்ப்பில் தான் உட்காரப் போவதில்லை. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் இடத்தில் சக ஆய்வாளர் ஒருவர் வாதாடுவது என்று முடிவாயிற்று.

"அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் கண்களின் ஓரத்தில் —"

(அவள் அழவில்லை. அழுகை தேவைப்பட்டது இந்தப் பத்திக்கு.) செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், கணினியைத் திறந்து வேறொரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கோபமா என்று கேட்டால், பால் தீர்ந்துவிட்டது என்பாள்.

கதைக்காரன் இதற்குள் இரண்டு முடிவுகளை எழுதிக் கிழித்தான். ஒன்றில் கோள் உண்மை, அவன் மன்னிக்கப்படுகிறான். மற்றதில் கோள் பொய், ஆகவே அவன் வாய்க்கொழுப்பு அவளை ஒரு பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றியதாக ஆகிறது, அவன் மன்னிக்கப்படுகிறான். இரண்டிலும் யார் தப்பிக்கிறார்கள் என்று கவனித்தபோது அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

பொறுக்காமல் ஒரு நாள் அவள் அலுவலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பொய்யரை மடக்கினான். "அன்னிக்கு எங்க வீட்ல நீங்க..." என்று இழுத்தான். பொய்யர் அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"மழை வரும் போல இருக்கு சார்."

வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வேலைக்கு வெளியே அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

5

தீர்ப்பு நாள். உள்ளே குழு பேசிக்கொண்டிருந்தது. வெளியே நடைவழி பெஞ்சில் மனைவி. பக்கத்தில், விடுப்புப் போட்டுவிட்டு வந்த கதைக்காரன். ஏசி வாளி நிரம்பிவிட்டது போலிருக்கிறது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"பொய்யா இருந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

பால் தீர்ந்தது என்று சொல்வாள் என்று நினைத்தான்.

"அவ்வளவு நல்ல பொய்யக் கண்டுபிடிக்கிற அளவுக்கு என் கண்ணு சரியா இருக்குன்னு அர்த்தம்," என்றாள். "புது நட்சத்திரத்துல ரெண்டு மங்கல் பாத்திருக்கேன். மூணாவது வரட்டும். அதப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதாதீங்க."

(எழுதிவிட்டான். அனுமதி வாங்கித்தான்.)

கதவு திறப்பதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை. உள்ளே என்ன சொல்லப்பட்டது என்று கதைக்காரனுக்கு இப்போது தெரியும். எழுதப் போவதில்லை. அது அவள் செய்தி. அவள்தான் சொல்ல வேண்டும். ஒரு முறை முந்திக்கொண்டு பட்டது போதும். கோள் உண்டா இல்லையா என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை: எழுதுவதற்கு முன், இரண்டில் எதற்கு ஆசைப்படுகிறீர்கள் என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவள் வேலையில் பாதி அதுதான்.

கதவு திறந்தது. பொய்யர் வெளியே வந்தார்.

"தீர்ப்பு எழுதியாச்சு. இனிமே நான் பேசலாம். உள்ள வாங்கம்மா, எல்லாரும் காத்திருக்காங்க."

மனைவி எழுந்து புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். கதவுவரை போய்விட்டாள். கதைக்காரனுக்கு உள்ளே இடமில்லை. கோளைப் பற்றிக் கேட்க உரிமையும் இல்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்வி.

"அந்த மூணாவது மங்கல் விஷயம்," என்றான். "அத நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

மனைவி கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பொய்யர் அவனை நேராகப் பார்த்தார்.

"சொல்லல சார். நீங்க கேட்டீங்க, நான் பேச்ச மாத்திட்டேன். அன்னிக்கு நாம பேசினது பூரா என் முட்டிவலியப் பத்தி. மத்ததெல்லாம் உங்க சரக்கு."