தன் கல்லறைக்குத் தானே வெள்ளையடிப்பவர்

கடலாடி பேருந்து நிலையத்துக்கு ஒரு பசு தினமும் காலை எட்டே காலுக்கு வரும். ஒரு குறிப்பிட்ட டவுன் பஸ் கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மேயப் போகும். நயினார்கோவில் பக்கம் பத்து நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையருக்கு ஆதார் அட்டையில் நாலு மாத வித்தியாசம் விழுந்து, தம்பி அண்ணனாகிவிட்டான். இந்த மாதிரிச் சேதிகளை எழுதுவதுதான் என் பிழைப்பு. ராமநாதபுரத்திலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் என்னுடையது. பதினாலு வருடமாக எழுதுகிறேன்.

எனக்கு ஒரு கர்வம் உண்டு. எதையும் இரண்டு பேர் வாயால் கேட்காமல் எழுத மாட்டேன். அந்தப் பசு விஷயத்தில்கூட கண்டக்டரிடம் ஒரு தடவை, டீக்கடைக்காரரிடம் ஒரு தடவை எனத் தனித்தனியாக விசாரித்தேன். என் மனைவி ஜெயப்பிரியா, "அந்த மாட்டுக்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். கேட்டிருப்பேன், அது எங்கே பதில் சொன்னது?

இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இது என் பத்திரிகையில் வந்ததில்லை, வரவும் வராது. இனி வருகிற பெயர்கள் எல்லாம் நான் மாற்றி வைத்தவை. ஊர், ராமேஸ்வரம் தீவில் ஒரு மீனவக் குடியிருப்பு. அதற்கு மேல் கேட்டால் சொல்ல மாட்டேன்.

போன அக்டோபரில் ஒரு போன் வந்தது. பேசியவர் தன் பெயர் சகாயம் என்றார். கல்லறைத் தோட்டத்தில் தன்னுடைய கல்லறையை இடிக்கப் போகிறார்கள், அதைத் தடுக்க நான் பேப்பரில் எழுத வேண்டும் என்றார். குடும்பக் கல்லறையா என்று கேட்டேன். இல்லை, தன்னுடையதுதான், செத்துப் பதினோரு வருடம் ஆகிறது என்றார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஜெயப்பிரியாவைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

மறுநாளே பஸ் ஏறிப் போனேன். சகாயத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காய்ந்த உடம்பு, வெயிலில் சுருங்கிய கண்கள். நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் கூட்டிப்போனார். கடல் ஒரு பக்கத்து மதிலைத் தின்றுவிட்டு உள்ளே வரப் பார்த்துக்கொண்டிருந்தது. மீதி இடத்தில் கல்லறைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடந்தன. நடுவில் இரண்டு, ஒரே அளவு, ஒரே மாதிரி சிலுவை. ஒன்றில் டேவிட்ராஜ் என்றும் மற்றொன்றில் சகாயம் என்றும் எழுதியிருந்தது. இரண்டுக்கும் ஒரே மறைவுத் தேதி. வருடா வருடம் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் ஊரே தங்கள் வீட்டுக் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கும். சகாயம் தன்னுடையதற்குத் தானே அடிப்பார், டேவிட்ராஜுடையதற்கும் அவர்தான், எழுத்துக்கு நீலப் பெயின்ட் வைப்பார். அன்றைக்குக் கோயில் உபதேசியார் இறந்தவர்கள் பெயரை வாசிக்கும்போது அவர் பெயரும் வரும். எல்லோரோடும் சேர்ந்து தன் ஆத்துமாவுக்காகத் தானும் ஒரு மன்றாட்டுச் சொல்வார்.

என் கை துறுதுறுத்தது. தலைப்புகூட எழுதிவிட்டேன்.

நடந்தது இது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு டிசம்பரில் சகாயமும் டேவிட்ராஜும் ஃபைபர் படகில் வலை விடப் போனார்கள். இன்ஜின் நின்றது, காற்று திரும்பியது, படகு கவிழ்ந்தது. ஊர் தேடியது, கடற்படை தேடியது, கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நாற்பத்தொரு நாள் காத்திருப்பார்கள். அப்புறம் ஒரு வெறும் பெட்டியில் ஆளுடைய நல்ல சட்டை, கைலி, ஒரு ஜெபமாலை வைத்து, பூசை வைத்து, முறைப்படி அடக்கம் செய்துவிடுவார்கள். இருவருக்கும் அப்படியே செய்தார்கள். ஐம்பத்திரண்டாம் நாள் சகாயம் மட்டும் உயிரோடு திரும்பி வந்தார்.

இலங்கையின் தென்கோடியிலிருந்து மாதக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிற ஒரு படகு அவரைத் தூக்கியிருக்கிறது. அவர்கள் பேச்சு இவருக்குப் புரியவில்லை. வயர்லெஸ் கெட்டுப்போயிருந்தது. ஐஸ் தீருகிறவரை கரைக்குத் திரும்ப மாட்டோம் என்று சைகையில் சொன்னார்களாம். கரைக்கு வந்ததும் ஆஸ்பத்திரி, காய்ச்சல், அப்புறம் காகிதம் காகிதமாக விசாரணை. ஊருக்கு வந்தால் ரேஷன் கார்டில் பெயர் இல்லை. செத்தவர் என்று பெயரை அடிக்க ஒரே நாள் ஆனதாம், உயிரோடு இருக்கிறவர் என்று சேர்க்க ஒன்றரை வருடம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஊருக்கு வந்த அன்றே கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல்லறையை இடிக்கப் போயிருக்கிறார். யார்தான் போக மாட்டார்கள்? டேவிட்ராஜின் மனைவி கிறிஸ்டினா ஓடிவந்து குறுக்கே நின்றாளாம்.

"என்ன சொல்லுச்சு தெரியுமா தம்பி? ஒங்களோடத இடிச்சிட்டா எங்க வீட்டுது நெசமாயிரும்ணே. ரெண்டும் இருந்தா ரெண்டும் பொய்யினு நெனச்சுக்கிருவேன்னு சொல்லுச்சு. கடப்பாரையக் கீழ போட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இப்போது கோயில் காரியம் பார்க்கிற பங்குப் பேரவைக்காரர்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை என்கிறார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒரு குழி எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முடிவெடுக்கப் போகிறார்கள். கிறிஸ்டினாவின் நம்பிக்கையை உடைக்கச் சகாயத்துக்கு மனசில்லை. அதனால்தான் எனக்குப் போன் போட்டிருக்கிறார்.

என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? டேவிட்ராஜுக்கு என்ன ஆனது என்று கேட்டேன். முதல் நாள் ராத்திரியே அலை பிரித்துவிட்டது, பார்க்கவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் பார்வை என் மேல் இல்லை, என் நோட்டுப் புத்தகத்தின் மேல் இருந்தது. நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். அவர் தன் கல்லறை மேலேயே உட்கார்ந்தார்.

"அஞ்சு நாளு தம்பி. கவுந்த படகப் புடிச்சிக்கிட்டு ரெண்டு பேரும் அஞ்சு நாளு கெடந்தோம். யாராச்சும் பாப்பாகன்னு எஞ்சட்டையக் கழட்டித் துடுப்புல கட்டி ஆட்டுனேன். காத்து கொண்டு போயிருச்சு. அஞ்சாம் நாளு விடியக்கால டேவிட்டு போயிட்டான். பொழுது சாயிற வரைக்கும் புடிச்சிருந்தேன். அதுக்கு மேல ஏலல. நாந்தான் கைய விட்டேன்."

ஊருக்கு வந்தபோது கிறிஸ்டினா முதலில் கேட்டது, பார்த்தீர்களா என்பதைத்தான். பார்க்கவில்லை என்று வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. அவள் பதினோரு வருடமாகக் காத்திருப்பதற்குத் தான்தான் காரணம் என்றார். தன் பெண்டாட்டிக்குக்கூட இது தெரியாதாம். இதை எழுதக் கூடாது என்று அவர் கேட்கவில்லை, நானாகவே பேப்பரில் எழுத மாட்டேன் என்று சொன்னேன்.

ஆனாலும் இன்னொரு வாய் வேண்டுமே. பழக்க தோஷம், சனிக்கிழமை கிறிஸ்டினாவைத் தேடிப் போனேன். நண்டு கம்பெனியில் சதை எடுக்கிற வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு முடி நிறைய நரைத்திருந்தது. விரல்களில் நண்டு ஓடு கீறிய வெள்ளைத் தழும்புகள். பத்திரிகைக்காரன் என்றதும் முகம் இறுகியது. கல்லறை விஷயம் என்றதும் இன்னும் இறுகியது. இடிக்கக் கூடாது என்றுதானே சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். கணவர் வருவார் என்று நம்புகிறீர்களா என்று கேட்டேன். இப்படியொரு கேள்வியை ஒரு பெண்ணிடம் கேட்கிற தைரியம் பேனா பிடித்தவனுக்குத்தான் வரும்.

அவள் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். பேப்பரில் எழுத மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சகாயம் திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து, அவர் வீட்டுக் கொடியில் ஒரு சட்டை காய்ந்திருக்கிறது. இலங்கை ஆஸ்பத்திரியில் அவரிடம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பியதை அவர் மனைவி துவைத்துப் போட்டிருக்கிறாள். பழுப்புக் கோடு போட்ட சட்டை. மூன்றாவது பொத்தான் மட்டும் பச்சை நூலில் தைத்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு காலையில் கிறிஸ்டினா அவசரமாகத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் டேவிட்ராஜ் கடலுக்குப் போனார்.

"மொத ராத்திரியே அலை பிரிச்சிருச்சுன்னு சொன்னவரு மேல எங்க வீட்டுக்காரரு சட்டை எப்படி வந்துச்சு? குளுருதுன்னு இவரு நடுங்கியிருப்பாரு, அவுக கழட்டிக் குடுத்திருப்பாக. அவுக அப்படித்தான்."

அவர் போய்விட்டார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது என்றாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுது முடித்துவிட்டாள். அப்படியானால் ஏன் இத்தனை வருடம் இடிக்க விடவில்லை என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்னு சொன்னா, எப்படிச் செத்தாகன்னு அண்ணன் சொல்ல வேண்டியிருக்கும். அத அவரு வாயால சொல்ல வைக்கணுமா? வருசத்துக்கு ஒருக்கா ரெண்டுக்கும் வெள்ளையடிச்சிட்டு மொகந் தெளிஞ்சு போறாரு. நான் காத்திருக்கேன்னு நெனச்சுத்தான் அத அடிக்கிறாரு. அதுவும் இல்லன்னா மனுசன் எங்கன போய் நிப்பாரு?"

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று வாசலில் திரும்பி ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து பாலம் தாண்டி வரும்வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டு வாயும் ஒரே சேதியைச் சொல்லிவிட்டன. என் கணக்கில் இதைவிடச் சுத்தமான சேதி கிடையாது. இதைப் பேப்பரில் எழுதவும் முடியாது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் இரண்டு பேருக்கும் பாரம் குறையாதா என்று ஜெயப்பிரியாவிடம் கேட்டேன். அவர்கள் ஆசைப்பட்டால் அவர்களே பேசிக்கொள்ளட்டும், நடுவில் போக நீங்கள் யார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். பூசை முடிந்து கோயில் முன்னால் பந்தலில் கூட்டம். பங்குச் சாமியார் இளவயதுக்காரர், ஊருக்குப் புதிது. அவருக்குப் பாவம், இது ஒரு குழிப் பிரச்சினை, அவ்வளவுதான். பேரவை ஆட்கள் இரண்டு பேர் இடநெருக்கடியைச் சொன்னார்கள். சகாயம் எழுந்து ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் துண்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் என்ன சொல்ல முடியும்? கடைசியில் சாமியார் கிறிஸ்டினாவைப் பார்த்து, நீங்கள் சரி என்றால் எடுத்துவிடலாம், உங்கள் மனசு என்ன என்று கேட்டார்.

அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். இப்போது சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். சகாயம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும் சாமி. எங்க வீட்டு ஆளு வரட்டும். வந்து ரெண்டு பேருமாச் சேந்து அவுகவுக குழிய இடிச்சுக்கிரட்டும்."

கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். குழியை இடிக்கும் பேச்சு அதோடு முடிந்தது, கல்லறைத் தோட்டத்துக்குப் பின்பக்கம் இடம் கேட்டு மனுக் கொடுப்பதென்று முடிவானது.

அன்று சாயங்காலமே சகாயம் சுண்ணாம்பு கரைத்துவிட்டார். ஊருக்குக் கிளம்பும் முன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஏற்கனவே தன்னுடையதற்கு அடித்து முடித்திருந்தார். டேவிட்ராஜுடையதற்கு இரண்டாம் தடவை அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, நேத்து அது வேலை செய்யிற எடத்துக்குப் போனீகளாமே. ஒங்ககிட்ட என்ன சொல்லுச்சு? இன்னும் நம்புதா?"

பதினாலு வருடமாகப் பொய் என்று ஒரு வரி எழுதியதில்லை நான். மாட்டைப் பற்றிக்கூட எழுதியதில்லை.

"நம்புறாகண்ணே," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. மறுபடியும் மட்டையை எடுத்து, சிலுவையின் பின்பக்கம், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்திலும் ஒரு இழுப்பு இழுத்தார். சுண்ணாம்பு பட்டுவிடும், தள்ளி நில்லுங்கள் என்றார். நான் நகரவில்லை. குனிந்து வாளியை எடுத்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.