நாலு மூலை மஞ்சள்

"நாலு மூலையும் கத்தி மாதிரிக் கிடக்கு மச்சான். ஒரு மடிப்பு, ஒரு கறை? தேடினாலும் கிடையாது. மூலை போனால் காட் போச்சு, உனக்குத் தெரியாததே?"

கேதீஸ்வரன் விறாந்தையில் நின்று நியூசிலாந்து ஓக்லாந்தில் இருக்கும் கூட்டாளி லெனாட்டோடு தொலைபேசியில் இப்படிக் கதைத்துக்கொண்டிருக்க, குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி மீனாம்பிகையின் கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.  அவர் கொண்டாடிக்கொண்டு நின்ற அந்தக் கிரிக்கெட் அட்டையின் நாலு மூலையிலும் பதினொரு நாளைக்கு முதல் மஞ்சள் பூசி அனுப்பி வைத்தவள் அவள்தான்.

சும்மா தவறிப் பட்ட மஞ்சளும் இல்லை. குளித்து, சாமி கும்பிட்டு, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, மோதிர விரலால் ஒவ்வொரு மூலையாகத் தொட்டு வைத்த மஞ்சள். அவள் பிறந்த வீட்டில் கல்யாணக் காட் போவதென்றாலும் புதுச் சீலை உடுப்பதென்றாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் நடந்ததே இல்லை. கடல் தாண்டிப் போகிற பொருள், போன காரியம் நல்லபடி முடிந்து திரும்பி வரவேண்டும் என்று நினைத்தாள். அதுவும் கேதீஸ்வரன் முதன்முதலாக அவளை நம்பித் தந்த பொருள். அன்று வெள்ளிக்கிழமை. மின்சார சபையில் அவருக்கு அவசர அழைப்பு. "பிளாஸ்ரிக் உறைக்குள்ளை காட் இருக்கு, கடிதம் இருக்கு, திரும்பி வாறதுக்கு நியூசிலாந்து முத்திரை ஒட்டின என்வலப்பும் இருக்கு. ஒட்டிப்போட்டுத் தபால் கந்தோரிலை குடுத்துவிடும்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். ஒட்டிவிட்டுக் கொடுத்திருந்தால் போதும். இவளுக்கு அது போதவில்லை.

கல்யாணமாகி ஒரு வருடமும் ஒரு மாதமும். அவருக்கு நாற்பத்துநாலு, அவளுக்கு முப்பத்தொன்பது. இரண்டு பேருக்கும் சாதகம் பொருந்திப் பொருந்தாமல் இழுபட்டு, இனி இல்லை என்று ஊரே கைவிட்ட பிறகு நடந்த கல்யாணம். அவர் நல்ல மனுசன், ஆனால் தன்பாட்டில் இருந்து பழகிய மனுசன். வீட்டின் தெற்கு அறையில் ஒரு அலுமாரி நிறைய அல்பங்கள். அதற்குள் உலகத்துக் கிரிக்கெட்காரர் எல்லாரும் உள்ளங்கையளவு அட்டைகளில் நின்று பந்தெறிகிறார்கள், துடுப்பைத் தூக்குகிறார்கள். அந்த அட்டைகளைத் தபாலில் அவரவருக்கே அனுப்பி, கையெழுத்து வாங்கித் திரும்ப எடுப்பதுதான் கேதீஸ்வரனின் வேலை. மின்சார சபை வேலை சோற்றுக்கு, இதுதான் உண்மையான வேலை. "இந்த வயசிலை விளையாட்டுக் காட் சேர்க்கிறாராம்" என்று இணுவில் ஊரில் சிரிக்காத வாய் இல்லை. மீனாம்பிகை சிரிக்கவில்லை. அந்த அறைக்குள் தன்னையும் ஒரு நாள் இருத்தி வைத்துக் கதைப்பார் என்று காத்திருந்தாள்.

இப்போது போன அட்டையோ மற்றவற்றைப் போல இல்லை. கொலின் ஹெபேட் என்ற நியூசிலாந்துக்காரன், இடக்கைச் சுழல் பந்துவீச்சாளன். பதினொரு ரெஸ்ட் போட்டி விளையாடிவிட்டு உலகம் மறந்துபோன ஆள். லண்டனில் இருந்த மாமா ஒருவர் அந்த அட்டையை ஒன்பது வயதுக் கேதீஸ்வரனுக்கு அனுப்பியிருந்தார். அதன் பின்பக்கத்தில் பந்தைப் பிடிக்கும் விதம் படமாக இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே இவர் பள்ளிக்கூடக் கிரிக்கெட் ரீமுக்குள் போனார். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து சனம் எல்லாம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது கணக்குக் கொப்பிக்குள் வைத்து அதையும் கொண்டு நடந்தார். ஹெபேட் இன்னும் உயிரோடு இருக்கிறார், வருகிற கடிதங்களுக்குப் பதிலும் போடுகிறார் என்று லெனாட் விலாசம் தேடிக் கொடுத்த பிறகுதான், ஒரு மாதம் யோசித்து, அதை அனுப்பத் துணிந்தார்.

தொலைபேசியில் கதைத்த அன்று, அவர் குளிக்கப் போன நேரம் மீனாம்பிகை தெற்கு அறைக்குள் போய் ஒரு அல்பத்தை விரித்துப் பார்த்தாள். அட கடவுளே! ஒவ்வொரு அட்டையின் மூலையும் அப்போதுதான் வெட்டி எடுத்தது போல இருந்தது. சில மூலைகளுக்கு அவர் தனியாக ஒரு சின்ன மூடிகூடப் போட்டிருந்தார். தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் முதல் வேலையாக ஜெனிற்றாவிடம் கொட்டினாள். கூட்டுறவுக் கடையில் பக்கத்து மேசை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஆங்கிலம் தண்ணீர்ப்பட்ட பாடு.

ஜெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "எடியேய், பேசாமல் இரு. வந்தாப்பிறகு, நியூசிலாந்திலை பட்டதாக்கும் எண்டு சொல்லிவிடு" என்றாள்.

"நியூசிலாந்திலை ஆரடி மஞ்சள் பூசுறது?"

"அதுவும் சரிதான்."

"அந்தாள் ஊத்தை எண்டு நினைச்சுக் குப்பைக்குள்ளை போட்டிட்டால் என்ன செய்யிறது? எனக்கு ஒரு கடிதம் எழுதித் தா. அது ஊத்தை இல்லை, நான்தான் வைச்சனான், அவருக்கு ஒண்டும் தெரியாது எண்டு எழுது. கோவிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு."

ஜெனிற்றா எழுதினாள். மீனாம்பிகை விடவில்லை. எதற்காக மஞ்சள் வைத்தது என்று எழுதச் சொன்னாள். அந்த அட்டை கணக்குக் கொப்பிக்குள் இருந்து நடந்து வந்த கதையை எழுதச் சொன்னாள். பிறகு தன் கையாலேயே ஒரு தரம் வடிவாகப் பார்த்து எழுதி, கீழே தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போட்டாள். கடிதம் எழுதினால் அப்படித்தானே போடவேண்டும்! அதனால் என்ன வரும் என்று இரண்டு பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

காட் அனுப்பிய பற்றுச்சீட்டில் இருந்த விலாசத்துக்கே கடிதமும் போனது. பத்துக் கிழமை, இரண்டு மாதத்துக்கும் மேல், கடந்தது. தபால்காரர் சண்முகநாதனின் சைக்கிள் மணி ஒழுங்கை முனையில் கேட்டால் இவள் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். பின்னேரம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேதீஸ்வரன் கேட்கிற முதல் கேள்வி, "தபால் ஏதும்?" என்பதுதான். "இல்லையப்பா" என்பாள். அவர் முகம் வாடுவதைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வரும். அந்த நிம்மதியை நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்வாள். மூன்று தரம் சொல்ல வாயெடுத்தாள். ஒரு தரம் அவருக்குத் தலையிடி, ஒரு தரம் மழை, மற்றத் தரம் ஒன்றுமே இல்லை, பயம் மட்டும்தான். இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த மனுசன் தன்னை ஒரு விசரி, புத்தி கெட்டவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்.

ஒரு சனிக்கிழமை காலை தபாலைக் கைநீட்டி வாங்கியவர் கேதீஸ்வரன். நியூசிலாந்து முத்திரை ஒட்டித் தான் வைத்த என்வலப் இல்லை, வேறு ஒன்று, பெரியது. உள்ளே வந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஸிஸ் மீனாம்பிகை கேதீஸ்வரன் எண்டு கிடக்கு. உமக்கு நியூசிலாந்திலை ஆர்?"

மாட்டிக்கொண்டாள். ஆனால் விசித்திரம், மாட்டிக்கொண்டதும் பயம் போய்விட்டது. துவைத்துக்கொண்டிருந்த உடுப்பை வாளிக்குள் போட்டுவிட்டு, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, சாமியறை, மோதிர விரல், ஜெனிற்றா, கடிதம், ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் சவரப் பிளேட்டால் என்வலப்பை வெட்டினார். அட்டை வந்தது. பந்தெறியும் ஹெபேட்டின் மார்புக்குக் குறுக்கே நீல மையில் கையெழுத்து, கொஞ்சம் நடுங்கிய கையெழுத்து. நாலு மூலையிலும் மஞ்சள். ஒரு மூலையில் கூடுதலாக ஊறி, பின்பக்கத்துப் பந்து பிடிக்கும் படம் வரைக்கும் இறங்கியிருந்தது.

"முப்பத்தைஞ்சு வருஷம்" என்றார் கேதீஸ்வரன். "சண்டை, செல்லடிக்குள்ளாலை ஒரு கறை படாமல் கொண்டு வந்தனான்."

அவ்வளவுதான். அட்டையை எடுத்துக்கொண்டு தெற்கு அறைக்குள் போனார். கூட வந்த கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது அவளுடைய பெயருக்கு வந்ததாம், அவர் தொடமாட்டாராம்!

பிறகு தொடங்கியது கூத்து. மனுசன் அவளோடு கதைக்கவில்லை, சுவரோடு கதைத்தார். "தேத்தண்ணி ஆறுது போலை." "ஆரோ கேற்றைத் திறந்து விட்டிருக்கினம்." சோற்றைப் போட்டால் சாப்பிட்டார், முகத்தை மட்டும் உம்மென்று வைத்திருந்தார். மீனாம்பிகைக்கு ஒரு நேரம் அழுகை வந்தது, ஒரு நேரம் கோபம் வந்தது. நல்லது நினைத்துத்தானே செய்தேன், வேண்டுமென்றா செய்தேன்? ஆனாலும் அல்பத்துக்குள் பார்த்த அந்த மூலைகள் கண்ணுக்குள் வந்து நிற்க, கோபம் தானாக இறங்கிவிடும்.

புதன்கிழமை பௌர்ணமிப் போயா. இரண்டு பேருக்கும் லீவு. மேசையில் கிடந்த கடிதத்தை அவள் விரித்துப் பார்த்தாள். கோழி கிளறினது மாதிரிக் கூட்டெழுத்து. ஜெனிற்றாவிடம் கொண்டு போயிருக்கலாம். ஆனால் இது ஜெனிற்றாவிடம் கொண்டு போகிற விசயம் இல்லை என்று பட்டது. நேரே போய் அவர் முன்னால் நீட்டினாள்.

"இஞ்சருங்கோ, எனக்கு இந்த எழுத்து விளங்கேல்லை. வாசிச்சுச் சொல்லுங்கோ."

கேதீஸ்வரன் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டார். அந்த ஆள் எழுதிய கடிதத்தை வாசிக்காமல் இத்தனை நாள் இருந்ததே அவருக்குப் பெரிய தண்டனைதான்.

"முதல்லை காட்டும் என்ரை கடிதமும்தான் வந்ததாம். மூலையிலை கிடந்தது கறியாக்கும் எண்டு நினைச்சாராம்" என்று அவர் தமிழில் சொல்லத் தொடங்கினார். "பேந்து உம்மடை கடிதம் வந்ததாம். இவருக்கு இப்ப எழுபத்தொன்பது வயசு, விரலெல்லாம் கோணிப் போச்சாம். பேப்பரிலை நாலஞ்சு தரம் எழுதிப் பழகிப்போட்டுத்தான் கையெழுத்துப் போட்டவராம்."  கடிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். "தன்ரை ஓட்டோகிராப் கேட்டு எத்தனையோ பேர் எழுதியிருக்கினமாம். தன்ரை படம் பத்திரமாப் போய்ச் சேரவேணும் எண்டு கும்பிட்டு அனுப்பின ஆள் நீர் ஒராள்தானாம்."

நிறுத்திவிட்டுக் கடிதத்தை மடிக்கப் பார்த்தார்.

"கீழை இன்னும் ரெண்டு வரி கிடக்கே?"

கேதீஸ்வரன் மூக்கைச் சொறிந்தார். "உம்மடை மனுசன் கோவிச்சவரோ எண்டு கேக்கிறார். உள்ளதை மறைக்காமல் எழுதட்டாம்."

 மீனாம்பிகை போய்த் தாளும் பேனையும் எடுத்துவந்து மேசைக்கு முன்னால் இருந்தாள்.

"என்னத்தை எழுத?"

"நடந்ததை எழுதும்."

"கோவிச்சவர் எண்டோ?"

"ஓம். நல்லாய்க் கோவிச்சவர் எண்டு எழுதும். மூண்டு நாள் கதைக்கேல்லை எண்டும் எழுதும்."

"நாலு நாள். சனிக்கிழமையையும் சேருங்கோ."

"சனிக்கிழமை காலமை கதைச்சனான்தானே? மூண்டு எண்டு போடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிறபோதே கண் நிறைந்து எழுத்து மங்கியது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல எழுதினாள். அன்புள்ள ஐயா, என் கணவர் கோபித்தவர். மூன்று நாள் கதைக்கவில்லை. அதற்கு மேல் பேனை ஓடவில்லை.

"பிறகு?" என்று கேட்டாள்.

கேதீஸ்வரன் தெற்கு அறைக்குள் போய்த் தன் கதிரையைத் தூக்கிவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்குத் தாள் எழும்பி எழும்பி விழ, அவர் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, அவள் அடுத்து என்ன எழுதப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.