மாறாமல் இருக்கும் வேலை

எங்கள் தொழுவத்துக் கதவை நான் சரிசெய்த அன்று சராசரி சார் கிட்டத்தட்ட அழுதேவிட்டார்.

அந்தக் கதவு வருடக் கணக்காக ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. திறக்க வேண்டுமென்றால் தூக்கித் திறக்க வேண்டும், மூட வேண்டுமென்றால் உதைத்து மூட வேண்டும். ஒருநாள் காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. நான்கு ஆணி அடித்து நிமிர்த்திவிட்டேன். பதினோரு மணிக்கு பைக்கில் வந்தவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“என்னம்மா இது, போட்டோல கோணலா இருக்கே?”

“கோணலாத்தான் இருந்துச்சு. இப்ப நேராக்கிட்டேன்.”

“யாரைக் கேட்டு நேராக்குனீங்க?”

என்னைவிட நான்கு வயது மூத்தவர், என்னை அம்மா என்பார். கையில் இருந்த சுத்தியலை அவர் தலையில் போட்டிருப்பேன், ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தார். என் வீட்டுக்காரரோ அலட்டிக்கொள்ளாமல் கட்டிலில் சாய்ந்தபடி, “நான் அப்பவே சொன்னேன் சார், இவ கேக்கல” என்றார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆணிகளைப் பிடுங்கினார்கள். சார் கதவைப் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரர் போட்டோவைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க... ஆங், இதான், இதான் நம்ம பழைய கதவு” என்று பாராட்டினார். ஒரு வேலையை இவ்வளவு அக்கறையாக அவர் செய்து நான் பார்த்ததே இல்லை.

விஷயம் இதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இந்தச் சரிவுக்கு வந்தார்கள். வெயிலும் கொட்டும் மழையுமாக இருக்கும் நிலத்தில் மண் கரையாமல், மாடு இளைக்காமல் விவசாயம் செய்வது எப்படி என்று கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னார்கள். இருபத்து நான்கு குடும்பங்களைப் பிடித்தார்கள். பாதிப் பேருக்குப் பயிற்சி, தீவனப் புல், மரக்கன்று, தொழுவத்துக்குச் சிமெண்டுத் தரை எல்லாம் உண்டு. மீதிப் பாதிக்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் எப்போதும்போல இருக்க வேண்டும், அதை ஏழு வருடம் அளந்துகொண்டே இருப்பார்கள். அப்போதுதானே பயிற்சியால் என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்?

யாருக்கு எது என்று முடிவு செய்ய, நிலையத்திலிருந்து வந்த சராசரி சார் தன் சாப்பாட்டு டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். என் ஓரகத்திக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவிக்கு, ‘பயிற்சி’ வந்தது. எனக்கு ‘ஒப்பீடு’ வந்தது. இருவர் நிலமும் ஒரே சரிவில் அடுத்தடுத்து இருக்கிறது. நடுவில் ஒரு வேலி மட்டும்தான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மா சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் அளந்தே எழுதி வைத்திருக்கிறார்கள், அக்கரைதான் பச்சை. அவள் பக்கம் வரிசை வரிசையாகப் புல்லும் அகத்தியும் நிற்கும், என் பக்கம் வெறும் செம்மண் தெரியும். அவளுக்கு நிலையத்தின் பெயர் போட்ட தொப்பி வேறு கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வேலியோரமாகவே களை எடுப்பாள். தொப்பி வந்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

எதற்கெடுத்தாலும் ‘சராசரியா எவ்வளவு?’ என்று கேட்பதால்தான் சாருக்கு அந்தப் பெயர். சராசரியாக எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், சராசரியாகச் சாணி எத்தனை கூடை, சராசரியாக ஒரு மாதத்தில் எத்தனை சண்டை. எங்கள் பசு செவலையின் மார்பைச் சுற்றி வாரம் ஒருமுறை டேப் போடுவார். என் கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்தவர்கூட எனக்கு அத்தனை அளவு எடுத்ததில்லை. அதன் கழுத்தில் ஒரு பெட்டியும் கட்டிவிட்டிருந்தார், அது எங்கெங்கே போய் மேய்கிறது என்று அந்தப் பெட்டி சொல்லுமாம். சரிவு முழுவதும் இருபது இரும்புக் கம்பிகளை நட்டிருந்தார். மண் கரையக் கரையக் கம்பி வெளியே தெரியும், அதை ஸ்கேல் வைத்து அளப்பார்.

எல்லாம் அளப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஒப்பீட்டு வீட்டில் யோசனை சொல்லக் கூடாது என்பது சட்டம். ஒருமுறை செவலை நொண்டியது. “இது என்ன சார், உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். முகம் வியர்த்துப்போய், “நொண்டுதுன்னு எழுதிக்கறேம்மா” என்றார்.

முதலில் நிலத்தை மட்டும்தான் மாற்றக் கூடாது என்றார்கள். போகப் போக, மாடு தின்பது மாறக் கூடாது, சாணி கொட்டும் இடம் மாறக் கூடாது, பைக் வாங்கினால் சந்தைக்குப் போகும் நேரம் குறைந்துவிடும், அதனால் வாங்கக் கூடாது என்றானது. என் வீட்டுக்காரருக்கு இது வரமாக வந்து வாய்த்தது. கூரை ஒழுகுகிறது என்றால், “ஆய்வு கெட்டுடும்டி” என்பார். தண்ணீர் எடுத்து வாருங்கள் என்றால், “கணக்கெடுப்புல தண்ணி எடுக்கறது நீதான்னு இருக்கு” என்பார். அதே கணக்கெடுப்பில், நிலத்தைப் பற்றி முடிவெடுப்பது யார் என்ற கேள்விக்கு மார்பைத் தட்டி ‘நான்தான்’ என்று எழுத வைத்தவரும் அவர்தான்.

நீ ஏன் பொறுத்துக்கொண்டாய் என்று யாராவது கேட்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. ஒப்பீட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பார்த்துப் புல் நட்டுவிட்டார்கள், மரம் வைத்துவிட்டார்கள், ஆய்விலிருந்து கழன்றும்விட்டார்கள். மிச்சம் நான் ஒருத்திதான். நிலையத்திலிருந்து கார் வந்தால் ஓரகத்தி வீட்டு வாசலில் நிற்காது, என் வாசலில்தான் நிற்கும். கண்ணாடி போட்ட ஒரு பெரிய அம்மா இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நீங்கதானா அந்த மாறாதவங்க?” என்று கேட்டார். கோணல் கதவுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேலிக்கு அப்பால் தொப்பி அசையாமல் நின்று பார்த்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல!

ஆனால் மழைக்கு ஆய்வு தெரியாது. சரிவின் நடுவில் தண்ணீர் அறுத்துக்கொண்டு வந்த பள்ளம் ஒன்று இருந்தது. முதல் வருடம் அது தொழுவத்திலிருந்து இருபதடி தள்ளி நின்றது. இந்த வருடம் இரண்டடி. செவலை நிறைமாதம். இன்றோ நாளையோ ஈன்றுவிடும். பெரிய மழை ஒன்று பெய்தால் சுவரும் சரியும், உள்ளே நிற்கும் மாடும் போகும். எங்களுக்கு இருப்பது அந்த ஒரே மாடு. வேறு எங்கே கொண்டுபோய்க் கட்டுவது?

அன்று காலை ரேடியோவில் சாயங்காலம் கனமழை என்று சொன்னார்கள். நான் பள்ளத்தைப் போய்ப் பார்த்தேன். கரையில் சராசரி சார் நட்ட கம்பி ஒன்று மண்ணே இல்லாமல் சாய்ந்து கிடந்தது. கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலியோரம் போய், “அக்கா” என்று கூப்பிட்டேன்.

தொப்பி நிமிர்ந்தது.

“கொஞ்சம் புல்லுக் கரணை வேணும். பள்ளத்து ஓரமா நடணும்.”

“ஏன், உன்னைப் பாக்க வர்ற கார்ல கேக்கறதுதானே?”

“கார்ல வர்றவங்க போட்டோதான் எடுக்கறாங்க.”

அவள் தொப்பியைக் கழற்றி வேலியில் மாட்டினாள்.

“ஆறு வருஷமா எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சேன். ஒருத்தன் என்னைப் படம் எடுக்கலடி” என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுக்கப் போனாள்.

புல் தண்டுகளை நடுவதற்கேற்ற துண்டுகளாகப் பத்துக் கட்டுக் கரணை வெட்டிக் கொடுத்தாள், தானும் கூட வந்து நடத் தொடங்கினாள். இரண்டு வரிசை முடிவதற்குள் பைக் சத்தம் கேட்டது. சராசரி சார் ஓடி வந்தார். அவர் கையில் ஸ்கேல் இருந்தது.

“அம்மா! வேணாம்மா! வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்காதீங்க! இன்னும் ஒரே ஒரு மழைக்காலம்!”

“இந்த மழைக்கே தொழுவம் நிக்காது சார்.”

அவர், சத்தம் கேட்டு வந்து நின்ற என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “நீங்கதானே இங்க முடிவெடுக்கறவர்? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். “அவ என்ன சொல்றாளோ அதான் சார் என் முடிவு.”

“அப்போ இந்த ஆறு வருஷமும்?”

“கல்யாணம் ஆன நாள்லேருந்தே அப்படித்தான். அன்னிக்கு நாலு பேர் முன்னாடி கேட்டீங்க, நான் வேற என்ன சொல்றது?”

சார் நோட்டை விரித்து அந்தப் பக்கத்தைத் தேடினார். பார்க்கப் பாவமாக இருந்தாலும் நான் நடுவதை நிறுத்தவில்லை.

“யோசிச்சுப் பாருங்கம்மா. உங்க ஒரு நிலத்தை வெச்சுத்தான் மத்த எல்லா நிலமும் நல்லாருக்குன்னே சொல்ல முடியும்.”

“தொழுவம் விழுந்தா?”

“விழுந்தா...” அவர் தயங்கினார். “விழுந்தா அதையும் எழுதிக்கலாம்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. உள்ளே செவலை ஒருமுறை அடித்தொண்டையில் கத்தியது. ஓரகத்தி அரிவாளோடு நிமிர்ந்தாள். சார் அவளைப் பார்க்கவில்லை. நான் நட்ட கரணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு விரல் ஆழம் பத்தாதும்மா” என்றார். “நாலு விரல் வேணும்.”

ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் யோசனை அது.

“அதோட, இன்னிக்கு நட்ட புல்லு இன்னிக்கு மழையைத் தாங்காது. வேர் பிடிக்க ஒரு மாசம் ஆகும். மேல போய்க் குறுக்கால ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணி பள்ளத்துக்குள்ள வராம பக்கவாட்டுல திருப்பி விடணும்.”

“பக்கவாட்டுலன்னா எங்க?” என்றேன். பக்கத்தில் இருப்பது ஓரகத்தி நிலம்தானே.

அவள் யோசிக்கக்கூட இல்லை. “என் பக்கம் விடு. என் புல்லு தாங்கும். அதுக்குத்தானே எனக்குப் பயிற்சி கொடுத்தாங்க?”

மண்வெட்டியை சார் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். ஸ்கேல் எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியாது. என் வீட்டுக்காரர்கூடக் கடப்பாரை எடுத்தார் என்றால் நம்புவீர்களா? நான்கு பேருமாக மேலே ஏறி வெட்டினோம். முதல் தூறல் விழும்போது வாய்க்கால் வேலியைத் தொட்டிருந்தது, கொட்டத் தொடங்கும்போது வேலியைத் தாண்டியிருந்தது. மேலிருந்து வந்த செந்தண்ணீர் தொழுவத்துப் பக்கம் ஒரு நொடி தயங்கியது, பிறகு திரும்பி அவள் புல் வரிசைக்குள் போனது. வேகமாகப் போனது, மெதுவாகிப் போனது, கடைசி வரிசைக்கு அப்பால் அநேகமாகத் தெளிந்துவிட்டது. ஓரகத்தி அதைப் பார்த்து, மழையில் நனைந்தபடி, “பாத்தியா! பாத்தியா!” என்று கைதட்டினாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன்.

சார் மட்டும் நிறுத்தவில்லை. மடை திறந்துவிட்டது. தொழுவத்துக்குள் ஒதுங்கி நின்றபடி சொல்லிக்கொண்டே இருந்தார்.

“சாணிக் குழிய வெயில்ல வெக்காதீங்கம்மா, சத்தெல்லாம் போயிடும், மேல நிழல் போடுங்க. சரிவுல மேலேருந்து கீழா உழாதீங்க, குறுக்கால உழுங்க. அன்னிக்குச் செவலை நொண்டுச்சே, குளம்பு இடுக்குல கல்லு இருந்துச்சு. எனக்குத் தெரியும். எடுக்கலாம்னு கையே போச்சு, எடுக்கல. ராத்திரி தூங்கலம்மா நான்.”

“எல்லாம் முதல் நாள்லேருந்தே தெரியுமா?”

“தெரியும்.”

“அந்தக் கம்பியெல்லாம் அளந்தீங்களே, எவ்வளவு மண்ணு போயிருக்கு?”

“சராசரியா...” என்று தொடங்கியவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு ஜாண்.”

ஒரு ஜாண். நான் கல்யாணமாகி வந்தபோது காலை வைத்தால் விரல் புதையும் மண் அது. இவர் வாரம் தவறாமல் வந்து அது போவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். நானும் கோணல் கதவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எல்லார் மேலும் வந்தது.

“மழை விட்டதும் அகத்தி விதை கொண்டு வரேம்மா” என்றார் அவர். “வேலியோரம் வெச்சா மாட்டுக்குத் தழை ஆச்சு. தண்ணித் தொட்டிய இந்தப் பக்கமா நகர்த்துங்க. கன்னுக்குட்டி பொறந்ததும்...”

“சார்” என்றேன். “அந்த ஒரு ஜாண் மண்ணு எப்படித் திரும்பி வரும்? முதல்ல அதைச் சொல்லுங்க.”

அவர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் வழித்து, தொழுவத்துச் சுவரோரம் போட்டார்.