முதல் கைதட்டல்

நர்ஸம்மாவுக்கு ராத்திரி முழுக்க வார்டில் உட்கார நேரமில்லை. வீட்டுக்கு வந்தால் துணி, பாத்திரம். அப்பாடா என்று சாய்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. மூன்று மணிக்குக் கணவரின் கச்சேரி.

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஞாயிறானால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு சேர்ந்திசைக் குழுவின் கடைசி வரிசையில் போய் நின்றுவிடுவார். அவள் ஒரு கச்சேரியையும் விட்டதில்லை. பாட்டுமேல் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். யாராவது தொடங்கினால்தான் தட்டுவேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் கூட்டம் அது. அந்த யாராவது, அவள்தான்.

"இன்னைக்கு மட்டும் தூங்கிடாதே," என்றார் பொத்தானைப் போட்டபடி. "கடைசிப் பாட்டுல எல்லாரும் உச்சத்துக்குப் போய் நிறுத்துவோம். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் நான் மட்டும் ஒரே ஒரு வரி. அதோட பாட்டு முடிஞ்சுது."

"தெரியுங்க. குளியலறையில நீங்க பாடிப் பாடி எனக்குக் காதே புளிச்சுப்போச்சு."

இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் தனி வரி.

அவளும் பாடுபட்டுத்தான் பார்த்தாள். தொடையைக் கிள்ளினாள், மிட்டாயைக் கடித்தாள். பாழாய்ப்போன தூக்கம் கேட்டால்தானே? கடைசிப் பாட்டின் நடுவே தலை தொங்கிவிட்டது.

அமைதிதான் அவளை எழுப்பியது. வார்டில் திடீரென்று சத்தம் நின்றால் அவள் பதறி எழுகிறவள். கண் திறப்பதற்குள் கை தட்டிவிட்டது. இவளுக்குத் தெரியாததா என்று மொத்தக் கூட்டமும் சேர்ந்து தட்டியது, எழுந்தும் நின்றது. குழுவை நடத்துகிறவர் தூக்கிய கையை வைத்துக்கொண்டு தடுமாறினார். பிறகு திரும்பிக் கும்பிட்டார்.

கடைசி வரிசையில் அவர் மூச்சை இழுத்து, வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். மெல்ல மூடிக்கொண்டார். அவளுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"நாலு வார்த்தை திட்டிடுங்களேன்."

"விடு."

"தூங்கிட்டேங்க."

"தெரியும். மேடையிலேருந்து பார்த்தா நீ வாய் பிளக்கிறது வரைக்கும் தெரியும்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றினாள். பிறகு அந்த வரியை அவளே பாடத் தொடங்கினாள். வார்த்தை ஒன்றும் தப்பவில்லை, சுருதிதான் எங்கோ போயிற்று.

"ஐயையோ, அப்படி இல்ல," என்று அவர் முகத்தைச் சுளித்தார். கோட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினார். குளியலறையில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

பாடி நிறுத்தினார். அவள் கையைத் தூக்கியவள், பயந்து அப்படியே வைத்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சாங்க?"

அவர் கொஞ்சம் பொறு என்று விரலைக் காட்டினார். அவரும் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்தார்.

அவள் தட்டினாள்.