கழுவி வைத்த சொம்பு

ஆடி மூன்றாம் ஞாயிறு காலையில் ஏரிமேட்டு எல்லையம்மன் கோயில் வாசலில் தேடியும் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கிடைக்கவில்லை. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஏரிமேடு, கும்மிடிப்பூண்டி சிப்காட் மதில் முடிகிற இடத்தில் தொடங்குகிற ஊர். ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் புகைக்குழாய். போன வருடம் கூழ் ஊற்றிய மறுநாள் தண்ணீர் பாக்கெட்டும் டம்ளரும் ஏரி மதகில் போய் அடைத்துக்கொண்டன. அடுத்து பெய்த மழையில் நட்ட நாற்றெல்லாம் முழுகியது. பாக்கெட்டை மூட்டை மூட்டையாக உபயம் கொடுத்த பெரிய மனிதர்கள் யாரும் சேற்றில் இறங்கவில்லை. இறங்கிப் பொறுக்கியவள் திலகவதி, ஏனென்றால் முழுகியது அவள் வயல்.

அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் பாத்திரக் குழு. எந்த வீட்டுப் பரணில் பார்த்தாலும் கல்யாணச் சீராக வந்து ஒரு நாளும் புழங்காத எவர்சில்வர் கிடக்கிறது. அதை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, குழுவின் பேரை வெட்டி, காதுகுத்தா கருமாதியா, யார் கேட்டாலும் கொடுத்தாள். வாடகை கிடையாது. ஒரே ஒரு சட்டம்: குடித்தால் கழுவி வை. கழுவாமல் திருப்பிக் கொடுத்தவர்களின் வாசலில் போய் நிற்பாள். அவர்கள் கழுவி முடிக்கும் வரை நகரமாட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்களே, அப்படி அவளுக்கு 'சொம்புக்காரி' என்று பேர் வைத்தது ஊர். அவளும் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள்.

கோயில் தர்மகர்த்தா மணவாளனைச் சம்மதிக்க வைக்கத்தான் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"ஒரு வருசம் பாக்கலாம்மா. ஏதாவது ஒண்ணு கொறை வந்துச்சுன்னு வெச்சுக்க, அடுத்த வருசம் பாக்கெட்டு தான். அப்பறம் சொம்பத் தூக்கிக்கினு எங்கிட்ட வரக்கூடாது."

"வராது நைனா. கொறையே வராது," என்றாள் திலகவதி.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சாதாரண ஞாயிறு இல்லை. இன்றைக்கு ஒன்று பிசகினால் ஒரு வருட உழைப்பும் பரணுக்குப் போய்விடும்.

கூழுக்கு அண்டா இருந்தது. பாக்கெட் இல்லாத ஊருக்குத் தண்ணீர் வைக்கத்தான் பெரிதாக ஒன்றும் இல்லை. புதிய பிளாஸ்டிக் தொட்டி வாங்குவதா? பிளாஸ்டிக்கை விரட்டப் பிளாஸ்டிக் வாங்குவதைப் போல அசட்டுத்தனம் உண்டா? சிப்காட் ரோட்டில் காயலான் கடை வைத்திருக்கிற அன்புராஜ்தான் வழி சொன்னான். கம்பெனிகளில் கழித்துப் போடுகிற நீல டிரம்களை வாங்கி, மேல்மூடியை அறுத்து, அடியில் குழாய் வைத்து விற்பவன். ஏரிமேட்டில் அவனுடைய டிரம் இல்லாத வீடு கிடையாது.

"இத்த எடுத்துக்கக்கா. சோப்புக் கம்பெனி டிரம்மு. மத்ததெல்லாம் கழுவணும், இது தானே சுத்தம்," என்றான்.

சோப்புக் கம்பெனியில் இருந்தது அழுக்காகவா இருக்கும்? திலகவதிக்கு அது நியாயமாகப் பட்டது. இருந்தாலும் சும்மா விடவில்லை. ஞாயிறுக்குப் பத்து நாள் முன்பே, எதிர்வீட்டு முத்தம்மாளும் அவளுமாகத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கக் கை வழுக்கியது.

"இன்னாடி, எத்தினி தடவ ஊத்துனாலும் சோப்பு போவமாட்டேங்குது," என்று சிரித்தாள் முத்தம்மாள்.

"சோப்பு தானே அத்த. போனாப் போது, இருந்தா இருக்குது."

டிரம்மின் அடிமூலையில் வெள்ளையாக ஏடு படிந்து கெட்டியாகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டினாள், வரவில்லை. அதையும் சோப்பென்றே விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்து உள்ளங்கைத் தோல் உரிந்தபோது, ஊர்ப் பாத்திரமெல்லாம் தேய்க்கிற கைக்கு இதெல்லாம் சகஜம் என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள்.

வீட்டில் மகள் பூமிகாவுக்கு அம்மை வந்து இறங்கியிருந்தது. இரண்டு தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட மூன்றாம் தண்ணீர் இன்று. அது ஊற்றினால்தான் பெண் படி தாண்டலாம். ஆத்தா வந்துபோன வீட்டுக்காரி கையால் கூழ் ஊற்றினால் விசேஷம் என்று முத்தம்மாளே சொன்னதால், திலகவதி விடியும்போதே கோயிலுக்கு வந்துவிட்டாள். கணவன் சரவணன் கூழ்க்குடத்தைத் தலையில் சுமந்து வந்து இறக்கினான். சுமக்கும்போது விழுந்துவிடக்கூடாதென்று போனை அவளிடம் கொடுத்திருந்தான். அது அவள் இடுப்புப் பையில் கிடந்தது.

வீட்டுக்கு வீடு கொண்டுவந்த கூழெல்லாம் ஒரே அண்டாவில் கலந்தது. கோயிலுக்குள் பம்பை ஆரம்பித்தது. படையல் ஆகிற வரைக்கும் கூழானாலும் தண்ணீரானாலும் யாரும் வாயில் வைக்கக்கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக்கூடாது. ஏரிமேட்டில் இதைக் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழுவில் முன்னமே வாங்கி வைத்த சொம்பும் தூக்குமாக ஊரே வரிசையில் நின்றது. இன்றைக்கு யாரும் நினைவூட்டாமலே கொண்டுவந்திருந்தார்கள். அண்டாவைக் கலக்கிக்கொண்டே அந்த வரிசையைப் பார்த்த திலகவதி சொம்புகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் எண்ணிக்கையை விட்டாள். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

அப்போது வேப்பமரத்தடியில் இருந்து குலவைச் சத்தம் எழுந்தது.

தண்ணீர் டிரம்மில் ஒரு கை மஞ்சளும் வேப்பிலையும் போடுவது வழக்கம். முத்தம்மாள் போட்டுக் கலக்கியிருக்கிறாள். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் அவள் கண்ணெதிரே சிவந்திருக்கிறது. முத்தம்மாள் தலைமுடி அவிழ ஆடிக்கொண்டிருந்தாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ, ஆத்தா குங்குமமா எறங்கிட்டா என்றார்கள். அதற்குள் கற்பூரம் காட்டியாயிற்று. குழாயைத் திறந்து, சொம்பு சொம்பாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டு, வீட்டோடு ஆளுக்கு ஒரு வாய் குடிக்க வேண்டிய தீர்த்தம் அது.

மணவாளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திலகவதியிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நீ செயிச்சுட்டம்மா. இனிமே இந்த ஊர்ல பாக்கெட்டு இல்ல. வருசா வருசம் இதே டிரம்மு தான்."

ஒரு வருடமாக இந்த வார்த்தைக்காகத்தானே அலைந்தாள். திலகவதி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே டிரம்முக்குப் போய்க் கையை விட்டாள்.

கை வழுக்கியது.

ஆரத்திக்கு ஆலம் கரைக்காத பெண் யார் இருக்கிறாள்? தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். சேர்க்காவிட்டால் பொழுது விடிய விடியக் கலக்கினாலும் மஞ்சள்தான். இந்தத் தண்ணீரில் யாரும் சுண்ணாம்பு போடவில்லை. அப்படியென்றால் சுண்ணாம்பு செய்கிற வேலையைச் செய்தது எது? விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். தேங்காய் நாரோடு வழுக்கிய அதே வழுக்கல். உரிந்து புதுத்தோல் வந்திருந்த உள்ளங்கை மெதுவாக எரியத் தொடங்கியது. அடிமூலையில் சுரண்ட வராத அந்த வெள்ளை ஏடு நினைவுக்கு வந்தது. கம்பெனி டிரம்மில் வந்தது சோப்பு இல்லை. சோப்புக் காய்ச்சுகிற காரம்.

"நைனா, இது ஆத்தா இல்ல. சோப்புக் காச்சுற காரம். டிரம்முல இருந்தது. யாரும் குடிக்க வேணாம்னு சொல்லுங்க."

மணவாளன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மஞ்ச செவக்கணும்னா இன்னா வேணும்?"

"சுண்ணாம்பு வேணும். அதத்தான் சொல்றேன்."

"நீ போட்டியா? நான் போட்டனா? சுண்ணாம்பே போடாத செவக்குதுன்னா, அது ஆத்தா இல்லாத வேற யாரு?"

திலகவதி வரிசையின் பக்கம் திரும்பினாள். அவள் கத்தினாள். பம்பைச் சத்தத்தில் அவள் குரல் பக்கத்தில் நின்றவளுக்கே எட்டவில்லை. வாயசைவைப் பார்த்து இவளுக்கும் சாமி வந்துவிட்டதென்று ஒருத்தி அவள் காலில் விழுந்தாள்.

"எங்க ஊட்டுக்காரர் எங்க?" என்று அவளையே தூக்கி நிறுத்திக் கேட்டாள் திலகவதி.

"அண்ணன் அப்பவே பக்கெட்டுல புடிச்சுக்கினு போயிட்டாரே. பாப்பாவுக்கு மூணாந்தண்ணி இதுல தான் ஊத்தணும்னு."

சரவணனின் போன் அவள் இடுப்பில் இருந்தது. வீடு ஏரிக்கரையின் அந்தக் கோடியில். இங்கே இன்னும் பத்திருபது பேர் வரிசையில். அவள் டிரம்மின் வாயைப் பிடித்துத் தோளால் ஒரு தள்ளு தள்ளினாள். பாதி காலியாகியிருந்த டிரம் சாய்ந்து, சிவப்புத் தண்ணீர் சனத்தின் காலடியில் ஓடியது. பம்பை நின்றது. அந்த அமைதியில் மணவாளன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"ஆத்தாவக் கவுத்துட்டா."

"அது வெசம். ஊட்டுக்கு எடுத்துக்கினு போனவங்கள குடிக்க வேணாம்னு சொல்லுங்க. ஓடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது யாரும் ஓடவில்லை. பெண்கள் தரையில் உட்கார்ந்து, மண்ணில் ஊறியது போக மிச்சத்தை முந்தானையில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுப் பின்கட்டில் பூமிகா மணைமேல் உட்கார்ந்திருந்தாள். தலை நனைந்து, முடியிலிருந்து சிவப்பாகச் சொட்டியது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள். சரவணன் பக்கெட்டிலிருந்து அடுத்த சொம்பை மொண்டுகொண்டிருந்தான். திலகவதி ஓடிவந்த வேகத்தில் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னாமே, பைத்தியமா உனக்கு? கோயில் தண்ணி."

"நல்ல தண்ணி எடு. தொட்டித் தண்ணி. ஊத்து, நிறுத்தாத ஊத்து."

அவள் முகத்தைப் பார்த்தவன் குடத்தைத் தூக்கினான். தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்தான். திலகவதி பெண்ணின் கையை விலக்கிக் கண்ணைத் திறந்து திறந்து கழுவினாள். தழும்பாகி ஆறியிருந்த அம்மைக் காயமெல்லாம் திரும்பவும் சிவந்து நின்றது. கண் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது.

"எரியுதுன்னு அப்பா கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?"

பூமிகா தேம்பினாள். "சொல்லக் கூடாதுல்ல. சொன்னா ஆத்தா கோச்சுக்கும்."

சரவணன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லிப் போனை அவன் கையில் திணித்தாள். ஆட்டோ மாதர்பாக்கம் ரோட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னாள்.

கீழே உருண்டு கிடந்த சொம்பு அப்போதுதான் கண்ணில் பட்டது. விளிம்பில் குழுவின் பேர். அவளே நின்று வெட்ட வைத்த எழுத்து. பாக்கெட் தண்ணீராக இருந்தால் கோயில் வாசலிலேயே கிழித்துக் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். பேப்பர் கப் என்றால் ஒரு மிடறோடு கசக்கி எறிந்திருப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகப் பாத்திரம் கொண்டுவரச் சொல்லிப் பழக்கியவள் அவள். இந்த நேரம் ஊரில் ஒவ்வொரு வீட்டு மாடத்திலும் ஒரு சொம்பு இருக்கும். எல்லாவற்றிலும் அவள் வெட்ட வைத்த பேர் இருக்கும்.

தெருவுக்கு ஓடினாள். எதிர்வீடு முத்தம்மாள் வீடு. ஆடிக் களைத்தவளை, டிரம் சாய்வதற்கு முன்பே, கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஊதுவத்தி வாசனை. முத்தம்மாளின் மருமகளும் பிள்ளைகளும் ஒருவரும் பேசாமல் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னது மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அத்த, அந்தச் சொம்பக் குடுங்க. குடிக்க வேணாம். குடுத்துடுங்க."

முத்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உதட்டோரம் சிவந்து வீங்கியிருந்தது. பேச வாயெடுத்ததும் இருமல் வந்தது. இருமி முடித்துப் பெருமையாகச் சிரித்தாள்.

"செத்த காரமாத்தான் இருந்துச்சு. ஆத்தா தீர்த்தம்னா சும்மாவா," என்றாள். குரல் கீறிக்கொண்டு வந்தது. "ஒரு சொட்டு வீணாக்கல. எல்லாருக்கும் குடுத்துட்டேன்."

பிறகு அடுப்படிக்குப் போய், துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த சொம்பை எடுத்து வந்து திலகவதியின் கையில் கொடுத்தாள்.

"இந்தா. நீ சொன்னா மாதிரியே கழுவி வெச்சுட்டேன்."