பிலோமிக்கு அடித்த சின்ன மணி

செத்தவர் வீட்டு வாசலை மிதிக்காமலே, முகத்தைப் பார்க்காமலே, ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று சொல்லிவிடுகிற காலம் இது. முன்னெல்லாம் பகையாளி செத்தால்கூட வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, மெய்தான் என்று கண்டுகொண்டுதான் போவான். இப்போது எவனுக்கும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதும், போனில் தட்டிவிடுகிறான். தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்ற அம்புரோஸ், யாரிடம் என்றில்லாமல் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை. அதற்காக அவர் நிறுத்தவும் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். உள்ளே படுத்திருக்கிற அவர் மனைவி பிலோமி உயிரோடு இருக்கிறாள். முதியோர் பென்சன் கணக்கில் மட்டும் இறந்துவிட்டாள்.

எல்லாம் மணியால் வந்த வினை. அவர்கள் ஊர்க் கோயிலில் மணி இரண்டு. பெரிய மணி சாவுக்கு. சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கச் சாமியார் புறப்பட்டால் சின்ன மணி. அப்படிப் பூசுவதை அவஸ்தைப் பூசுதல் என்பார்கள். சின்ன மணி கேட்டதும் மீன் அறுக்கிறவள்கூடக் கத்தியை வைத்துவிட்டு முழங்காலில் நின்று ஒரு செபம் சொல்லுவாள். பிலோமிக்கு மூச்சு முட்டிய அன்று சாமியார் பூசினார், சின்ன மணி அடித்தது, ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது. கிராம உதவியாளர் பேச்சிச்செல்வி ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை, இந்த ஊருக்குப் புதுசு. என்ன மணி என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். "நம்ம பிலோமிக்கு அடிச்சிட்டு" என்றிருக்கிறார் அவர். வீட்டுக்குப் போனால் பூட்டு. அடக்கத்துக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, பென்சன்காரர்களைச் சரிபார்க்கிற வேலையில் பிலோமியை இறந்தவர்களோடு சேர்த்துவிட்டாள். அந்த மாதமே பணம் நின்றுபோனது.

அந்தப் பணம் வர ஆரம்பித்த பிறகுதான் பிலோமி புருஷனிடம் கை நீட்டுவதை நிறுத்தினாள். மாதா திருநாளுக்கு அவள் வரி, பேத்திக்கு அவள் வளையல். மூச்சு கொஞ்சம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என் பணம் வந்துட்டா?" என்பதுதான். "வந்துட்டு" என்று சொல்லிவைத்தார் அம்புரோஸ். சாகக் கிடந்தவளிடம் நீ செத்துப்போனாய் என்று எந்த வாயால் சொல்லுவது?

பேச்சிச்செல்வி படியேறி வந்தாள். கையில் போன்.

"தாத்தா, நாந்தான்…"

"தெரியும். எம் பெண்டாட்டியக் கொன்னவ."

அவள் முகம் சுண்டிப்போனது. "சின்ன மணி, பெரிய மணி எனக்குத் தெரியாது தாத்தா. எங்க ஊர்ல மணி அடிச்சா பெருமாளுக்குப் பூசை."

"அப்ப பிலோமிக்குப் பூசைன்னு எழுதியிருக்கலாம்லா?"

"சரி பண்ணத்தான் வந்திருக்கேன். பாட்டி முகத்த இந்தப் போனுக்குக் காட்டணும்."

"ரேகை கீகைன்னு கையத் தொட்ட, பாத்துக்கோ. கண்ண மூடிக் கெடக்கவ கையப் பிடிச்சு ரேகை வைக்கது பொணத்துக்குத்தான்."

"ரேகை வேண்டாம். போனப் பாத்து ஒருக்கா கண்ணச் சிமிட்டுனா போதும். உயிரோட இருக்காகன்னு அது எடுத்துக்கிடும்."

"நான் சொன்னா எடுத்துக்கிடாதா? கெட்டுன புருசன்."

"எடுத்துக்கிடாது தாத்தா."

நர்ஸ் வந்து மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் விலக்கிக் கொடுத்தார். பேச்சிச்செல்வி போனைப் பிடித்தாள். பிலோமியின் இமை பாதி திறந்திருந்தது. அசையவில்லை. போனில் வட்டம் சிவப்பாகவே நின்றது. சிமிட்டு, சிமிட்டு என்று அது திரும்பத் திரும்பக் கேட்டது. பெட்டிக்குள் வைத்துப் படம் பிடிக்கிற மாதிரியே இருந்தது அம்புரோஸுக்கு.

"போதும், எடு போன!" என்று கத்திவிட்டார். "ஒன் பணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! எவளோ ஒருத்தி எழுதுனா…"

பிலோமியின் கண் திறந்தது.

"நீரு போடுத சத்தத்துக்குச் செத்தவளும் முழிப்பா." குரல் காற்றாகத்தான் வந்தது. "இவ யாரு?"

இனி மறைத்து என்ன? "ஒன்னயச் செத்துட்டன்னு எழுதுனவ."

"பணம் வந்துட்டுன்னீரே?"

அம்புரோஸ் கட்டில் கம்பியைப் பார்த்தார்.

பிலோமி அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். "என்னய வந்து பாத்துட்டா எழுதுனா?"

"பாக்காம" என்றார் அம்புரோஸ்.

"அப்ப சரி. பாத்துட்டு எழுதியிருந்தாத்தான் பயம்."

பேச்சிச்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போனை மறுபடி நீட்டினாள். பிலோமி ஊசிக்கண்ணில் நூல் கோர்க்கிறவளைப் போல அதை உற்றுப் பார்த்து, மெதுவாக ஒரு தரம் சிமிட்டினாள். வட்டம் பச்சையானது. நர்ஸ் மாஸ்க்கை மாட்டினார். அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்து பேச்சிச்செல்வி பச்சையைக் காட்டினாள். "பாருங்க தாத்தா, உயிரோட இருக்காகன்னு ஏறிட்டு. தாலுகா ஆபீஸ்ல ஒருக்கா பாத்து விட்டுட்டா, நின்ன மாசத்துக்கும் சேத்து வந்திரும்."

"அங்க இருக்கவன் யாரப் பாப்பான்? பிலோமியவா, போனயா?"

"போனத்தான்."

"அதான பாத்தேன்."

"வந்திரும் தாத்தா. நம்புங்க."

"பணத்த விடு. எழுதுனத அழிச்சிட்ட. அடிச்ச மணிய என்ன செய்வ? ஊரே முழங்கால்ல நின்னுட்டு."

அம்புரோஸ் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். போர்வை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். ஏறியது. இறங்கியது. பிறகு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் படியிறங்கினார்.

"தாத்தா, மெசேஜ் வரும், போனப் பாத்துக்கிடுங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து.

"எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார் அவர், திரும்பாமலே.